மட்டக்களப்பு வாவி மாதிரி: ஓய்ந்து கிடக்க வேண்டிய நீர் ஓடுது, காய்ந்த கரையில் வேகம் 40 மீ./வி.

#1 வாவிவலை

வணக்கம். மட்டக்களப்பு வாவிக்கு ஆழமற்ற நீர்ச் சமன்பாடுகளை வைத்து இருபரிமாண மாதிரி ஒன்று, இறுதி வருட ப்ரொஜெக்ட். விபரம் இது: 50 மீ. சதுரக் கலங்கள், முடிவுறு கனவளவு முறை (கலம் கலமா நீர்க்கணக்கு வைக்கிறது), கல முகங்களில் எச்.எல்.எல். பாயம் (முகத்தைத் தாண்டிப் போறதைக் கணிக்கிற சூத்திரம்), நேரத்தில் முன்னேற இரண்டாம் வரிசை ருங்கே–குட்டா, நேரப்படி (ஒரு கணிப்புப் படியின் நீளம்) நிலையாக 2 வினாடி. அடித்தள உராய்வுக்கு மன்னிங் குணகம் 0.025. கடல் எல்லையை முகத்துவாரத்திலேயே போட்டு, 0.2 மீ. வீச்சும் 12.42 மணி ஆவர்த்தனமும் உள்ள வற்றுப்பெருக்கு குடுக்கப்பட்டிருக்கு. பைதன் மொழி, அதன் நம்பை நூலகம்.

மூன்று சிக்கல்:

அ) காற்று, வற்றுப்பெருக்கு, மழை எல்லாத்தையும் நிறுத்தினாலும் நீர் ஓடத் தொடங்குது. அடித்தளம் செங்குத்தா இறங்கிற இடங்களில் 0.3 மீ./வி. வரை.

ஆ) வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைப் பக்கம் நீர் வற்றிக் கலங்கள் காயும்போது சிலதில் வேகம் 40 மீ./வி. தாண்டி, கடைசியில் விடை எண்ணே இல்லாமல் போகுது (NaN). ஆழம் மறையானால் (பூச்சியத்துக்குக் கீழ் போனால்) பூச்சியமாக்கிற வரி கோட்டில் (நிரலில்) இருக்கு.

இ) கடலில் 0.2 மீ. குடுத்தும் வாவிக்குள்ள வீச்சு 3 செ.மீ. அளவுதான். உராய்வைக் குறைக்கிறதா?

#2 சேத்துக்குடா

(இ) யை இப்போதைக்குத் தொடாதேங்க. முதலில் (அ). அது சரிவராமல் வேற எதைப் பார்த்தும் பிரயோசனம் இல்லை.

ஓய்ந்த நீரில் ரெண்டு விசை ஒன்றையொன்று சரியா வெட்டிக்கொள்ள வேணும்: நீரமுக்கத்தின் வித்தியாசமும் அடித்தளச் சரிவின் உறுப்பும். தாளில் எழுதினால் தானா வெட்டும். கணினியில் ரெண்டையும் வேற வேற விதமாக் கணித்தால் வெட்டாது.

பக்கத்துப் பக்கத்தில் ரெண்டு கலத்தை எடுங்க. ஒன்றின் ஆழம் 2 மீ., மற்றதின் ஆழம் 1 மீ., நீர்மட்டம் ஒன்று. அமுக்க உறுப்பு அரை × 9.81 × ஆழத்தின் வர்க்கம். வித்தியாசம் அரை × 9.81 × (4 − 1) = 14.7. சரிவு உறுப்பை சராசரி ஆழம் 1.5 ஐ வைத்துப் போட்டால் 9.81 × 1.5 × 1 = 14.7, கணக்கு நேர். அதையே கலத்தின் சொந்த ஆழம் 2 ஐ வைத்துப் போட்டால் 19.6. மிச்சம் 4.9. அதை 50 மீ. ஆல் வகுத்தால் 0.098, உங்கட 2 வினாடியால் பெருக்கினால் 0.196, ஆழம் 2 ஆல் வகுத்தால் ஒரே நேரப்படியில் 0.1 மீ./வி. வேகம் சும்மா பிறக்குது. நீங்க சொல்லுற 0.3 க்கு மூன்று படி போதும்.

பரிகாரம் ஓட்ஸ் குழுவினர் 2004 இல் எழுதின நீர்நிலையியல் மீளமைப்பு. ஒவ்வொரு முகத்திலும்: (1) ரெண்டு பக்க அடித்தள உயரத்தில் கூடியதை எடு. (2) ஒவ்வொரு பக்க நீர்மட்டத்திலிருந்தும் அதைக் கழி, மறையானால் பூச்சியம். இதுதான் முகத்தின் புது ஆழம். (3) அந்த ஆழங்களை வைத்து எச்.எல்.எல். பாயம். (4) கல ஆழத்தின் வர்க்கத்துக்கும் முக ஆழத்தின் வர்க்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அரை × 9.81 ஆல் பெருக்கி அந்தந்தக் கலத்தின் உந்தத்தில் (ஆழம் × வேகம்) சேர். இவ்வளவுதான். பத்துப் பன்னிரண்டு வரி.

முகத்துக்கு நேர்கோட்டு மீளமைப்பு (கல மதிப்புகளிலிருந்து முக மதிப்பை நேர்கோட்டில் ஊகிக்கிறது) செய்யிறீங்க என்றால் ஆழத்தை மீளமைக்க வேண்டாம், நீர்மட்டத்தை மீளமையுங்க. அடித்தளம் மேடுபள்ளமா இருக்கும்போது ஆழமும் மேடுபள்ளமாத்தான் இருக்கும். மட்டம் ஒன்றுதான் தட்டை.

சோதனை: மட்டத்தை எல்லா இடமும் பூச்சியமாக்கி, நடுவில் நீருக்கு மேல் தலைகாட்டும் தீவு ரெண்டு வைத்து, ஒரு நாள் ஓட்டுங்க. உச்ச வேகம் 10⁻¹² க்குக் கீழ் நிற்க வேணும். 10⁻⁴ என்றால் "கிட்டத்தட்ட சரி" இல்லை, பிழை. தீவு இல்லாமல் செய்த சோதனையை நான் சோதனையென்றே எடுக்கமாட்டன், ஈரமும் காய்வும் சந்திக்கிற விளிம்பில்தான் முக்கால்வாசிக் கோட்டும் விழும்.

#3 ஒலுவில்_அலை

(ஆ) க்கு லேசான வழி இருக்கே. காய்வுத் தடையளவை (கலம் காய்ந்தது என்று எடுக்கிற ஆழத்தை) 5 செ.மீ. ஆக்கிவிடுங்க. அதுக்குக் கீழ் வேகம் பூச்சியம். வேலை முடிஞ்சுது.

#4 சம்மாந்துறை_எண்

ஒலுவில் தம்பி, துறைமுகத்துக்குள்ள அது சரி. படுவான்கரையில் சரிவு 2000 க்கு 1 என்று வையுங்க, 5 செ.மீ. என்கிறது 100 மீ. அகலத் தரை. ரெண்டு கலம் முழுக்க உறைஞ்சு நிற்கும். வெள்ளம் வயலுக்குள்ள ஏறுகிற நேரம்தான் ப்ரொஜெக்டின் மையக் கேள்வியாக இருக்கும், அதையே தடையளவு தின்றுவிடும்.

40 மீ./வி. எங்கிருந்து வருது என்று பார்ப்பம். மூன்று ஊற்று.

முதலாவது, வகுத்தல். கோட்டில் சேமிக்கிறது ஆழமும் ஆழம் × வேகமும். வேகம் வேணுமென்றால் ரெண்டாவதை முதலாவதால் வகுக்க வேணும். ஆழம் 0.1 மி.மீ. ஆனால் உந்தத்தில் உள்ள அற்ப சொற்பப் பிழையும் பத்தாயிரம் மடங்காகும். குர்கனோவும் பெத்ரோவாவும் 2007 இல் குடுத்த மென்மையாக்கல் சூத்திரம் இதுக்குத்தான்: வேகம் = √2 × ஆழம் × உந்தம் ÷ √(ஆழத்தின் 4 ஆம் அடுக்கு + ஆழத்தின் 4 ஆம் அடுக்கும் தடையளவின் 4 ஆம் அடுக்கும் இரண்டில் பெரியது). ஆழம் தடையளவுக்கு மேல் இருந்தால் இது பழைய வகுத்தலாகவே சுருங்கும். கீழே போகப் போக வேகத்தைப் பூச்சியத்துக்கு இழுக்கும். தடையளவு 1 மி.மீ. போதும். ஒன்று கவனம்: வேகத்தைத் திருத்தின பிறகு உந்தத்தையும் ஆழம் × புது வேகம் என்று மாற்றி எழுத வேணும். அதை விட்டால் அடுத்த படியில் பழைய உந்தம் திரும்பி வரும்.

இரண்டாவது, உராய்வு. மன்னிங் உறுப்பு ஆழத்தின் 4/3 ஆம் அடுக்கால் வகுபடும். (கல்லடியில் பாலத்துக்குப் பேர் குடுத்த சீமாட்டி மன்னிங் வேற ஆள், இவர் அயர்லாந்துப் பொறியியலாளர் ரொபர்ட் மன்னிங்.) ஆழம் 1 செ.மீ., வேகம் 1 மீ./வி., குணகம் 0.025 என்று போடுங்க. 9.81 × 0.000625 = 0.00613. 1 ÷ ஆழத்தின் 4/3 ஆம் அடுக்கு = 464. பெருக்கினால் வினாடிக்கு 2.85. 2 வினாடிப் படியில் 5.7. வெளிப்படை முறையில் (உராய்வைப் பழைய வேகத்தை மட்டும் வைத்துப் போட்டால்) புது வேகம் 1 − 5.7 = −4.7 மீ./வி. உராய்வு நீரைத் தடுக்காமல் திருப்பி உதைக்குது! அடுத்த படியில் −4.7 இன் வர்க்கம், மறுகா சொல்லத் தேவையில்லை. அரை உள்ளுறை முறையில் (உராய்வில் புது வேகத்தையும் சேர்த்தால்) பழைய வேகத்தை 1 + 5.7 ஆல் வகுங்க, 0.15 வரும். குறி மாறவே மாறாது. ஒரு வரி மாற்றம்.

மூன்றாவது, மறை ஆழம். அதைப் பூச்சியமாக்கிற வரியை இன்றைக்கே அழியுங்க. அது இல்லாத நீரை உண்டாக்குது. 200 கலத்தில் ஒவ்வொரு படியும் 0.1 மி.மீ. வெட்டுப்பட்டால் 50 கன மீற்றர். ஒரு நாளைக்கு 43,200 படி. 21.6 இலட்சம் கன மீற்றர். வாவி சுமார் 140 சதுர கி.மீ. என்றால் மட்டம் நாளைக்கு ஒன்றரை செ.மீ. ஏறும், மழையே இல்லாமல். நீங்க தேடுற வற்றுப்பெருக்கில் பாதி.

ஆழம் மறையாகாமல் இருக்க நேரப்படிக்கு நிபந்தனை இருக்கு. இருபரிமாணத்தில் நேர்கோட்டு மீளமைப்போடு கூரன்ற் எண் (ஒரு படியில் அலை ஒரு கலத்தில் எவ்வளவு பங்கைத் தாண்டுது என்பது) 0.25 க்குள் இருக்க வேணும். உங்கட ஆகக் கூடிய ஆழம் 4 மீ. என்றால் அலை வேகம் 6.3, ஓட்டம் 2 சேர்த்தால் 8.3 மீ./வி. 50 ÷ 8.3 = 6 வினாடி, அதில் கால்வாசி 1.5. நீங்க 2 வினாடியில் ஓட்டுறீங்க. மாதிரி வெடிக்காது, அதனால் ஆரும் சந்தேகப்படமாட்டாங்க. ஆனால் விளிம்பில் ஆழம் மறையாகும். நிலையான படியை விட்டிட்டு ஒவ்வொரு படியிலும் உச்ச வேகத்தைப் பார்த்து அடுத்த படியைத் தீர்மானியுங்க.

#5 ஒலுவில்_அலை

உள்ளுறை உராய்வு சரி, ஒத்துக்கொள்ளுறன். 5 செ.மீ. யை வாபஸ் வாங்கிறன். ஆனால் 1 மி.மீ. தடையளவில் விளிம்புக் கலங்கள் கூடிக் கணிப்பு மெதுவாகும், அதையும் சொல்லுங்க.

#6 சம்மாந்துறை_எண்

காய்ந்த கலத்தை, அதன் நாலு அயலும் காய்ந்திருந்தால் கணிப்பில் சேர்க்காமல் விடலாம். நம்பையில் அதுக்கு முகமூடி அணி (எந்தக் கலம் கணிப்பில் சேரும் என்று ஆம்/இல்லை காட்டும் அட்டவணை) இருக்கு. ஃபோர்ட்ரானில் என்றால் செயற்படு கலப் பட்டியல்.

#7 பாலமீன்மடு

(இ) க்கு வாறன். தம்பி, 3 செ.மீ. பிழையில்லை. உராய்வைக் குறைத்து அதைக் கூட்டினால்தான் பிழை.

கோட்டை மூடி வைத்திட்டுத் தாளை எடுங்க. வாவி முழுக்க 0.2 மீ. ஏறி இறங்க வேணுமென்றால் முகத்துவாரத்தால் உச்சத்தில் எவ்வளவு போக வேணும்? பரப்பு × வீச்சு × கோணவேகம். 140 சதுர கி.மீ. × 0.2 × 0.0001405 = வினாடிக்குச் சுமார் 3,930 கன மீற்றர். முகத்துவாரம் ஒரு பேச்சுக்கு 200 மீ. அகலம், 3 மீ. ஆழம், 600 சதுர மீற்றர். தேவையான வேகம் 6.5 மீ./வி. அப்படி ஓடினால் மணல் நிற்காது, தோணியும் நிற்காது. நடப்பில் ஓட்டம் 1 மீ./வி. அளவென்றால் 600 கன மீற்றர். திருப்பிக் கணக்குப் போட்டால் உள் வீச்சு 600 ÷ (140 சதுர கி.மீ. × 0.0001405) = 3 செ.மீ.

இப்படி வாய் ஒடுங்கின வாவிகளுக்குக் கியூலகன் 1967 இல் ஒரு நிரம்பல் குணகம் குடுத்திருக்கிறார்: கடலின் வற்றுப்பெருக்கில் எவ்வளவு உள்ளே வரும் என்பதை வாயின் பரிமாணமும் வாவிப் பரப்பும் தீர்மானிக்கும். உங்கட இருபரிமாண மாதிரியின் பக்கத்தில் இந்த ஒற்றைச் சமன்பாட்டையும் ஓட்டி ரெண்டு வரைபையும் ஒன்றின் மேல் ஒன்று போடுங்க. பிரிந்து போனால் எங்கேயோ கோளாறு.

மற்றது, காற்றை நிறுத்தி வைத்திருக்கிறீங்க. நம்மட வாவியில் அதுதான் முதல் ஆள். 10 மீ./வி. காற்று, வளி அடர்த்தி 1.2, இழுவைக் குணகம் 0.0013 என்றால் மேற்பரப்புத் தகைப்பு 0.156 பஸ்கால். 1.5 மீ. ஆழத்தில் நீர்மட்டச் சரிவு 0.156 ÷ (1000 × 9.81 × 1.5), ஏறத்தாழ கி.மீ. க்கு 1 செ.மீ. காற்று நீளவாட்டில் 20 கி.மீ. க்கு அடித்தால் ரெண்டு முனைக்கும் 21 செ.மீ. வித்தியாசம். வற்றுப்பெருக்கின் 3 செ.மீ. எங்கே, இது எங்கே. ஆழம் வகுக்கிற இடத்தில் நிற்கிறதைக் கவனியுங்க: ஆழம் பாதியானால் சரிவு இரட்டிப்பு. அளவீட்டோடு ஒப்பிடும்போது இதைச் சேர்க்காமல் மன்னிங் குணகத்தை மாற்றி மாற்றிப் பொருத்தினால், காற்றின் வேலையை அடித்தளத்தின் தலையில் கட்டுறீங்க.

கொரியோலிஸ் (பூமிச் சுழற்சியின் விசை) பற்றி ஆரும் கேட்டால்: 7.7 பாகையில் அதன் பரமானம் 0.0000195. 1.5 மீ. ஆழத்து அலை வேகம் 3.8 ஐ அதால் வகுத்தால் கிட்டத்தட்ட 200 கி.மீ., சுழற்சியின் தாக்கம் தெரியத் தொடங்குற தூரம் அது. வாவியின் நீளம் 56. விட்டுவிடலாம்.

#8 வாவிவலை

சேர் மூன்று பேருக்கும் நன்றி. (அ) மீளமைப்புப் போட்டாச்சு, தீவுச் சோதனையில் உச்ச வேகம் 10⁻¹⁴. உராய்வும் மாற்றியாச்சு. பாலமீன்மடு சேர், முகத்துவாரம் 50 மீ. கட்டத்தில் நாலே நாலு கலம்தானே, அது காணுமா?

#9 பாலமீன்மடு

காணாது. நாலு கலம் என்றால் கரைக்கோட்டை வைக்கிற விதத்தைப் பொறுத்து மூன்றாகவும் வரலாம், ஐந்தாகவும் வரலாம். குறுக்குப் பரப்பில் 25 வீதம் அப்படியே போயிற்று, உள்ளே வாறதும் அதோட சேர்ந்து மாறும். எச்.எல்.எல். முதல் வரிசைத் துல்லியத்தில் ஓடினால் ஓட்டத்தையும் கூர்மை போக அப்பிவிடும்.

முழுக் கட்டத்தையும் 10 மீ. ஆக்காதேங்க. 56 × 10 கி.மீ. செவ்வகத்துக்கு இப்போ 2,24,000 கலம். 10 மீ. என்றால் 56 இலட்சம், நேரப்படியும் ஐந்தில் ஒன்று, மொத்தம் 125 மடங்கு வேலை. வாயில் மட்டும் நுண்கட்டம் போடுங்க, அல்லது முக்கோண வலைக்கு மாறுங்க. அனுகா என்ற நீரோட்ட மென்பொருளும் டெல்ஃப்ட்3டியின் நெகிழ்வலைப் பதிப்பின் மூலநிரலும் இலவசமாக் கிடைக்கும், ஆனால் உங்கட சொந்தக் கோட்டை எறியாதேங்க. எழுதிப் பார்த்தவனுக்குத்தான் மற்றவன்ட மென்பொருள் எங்கே பொய் சொல்லுது என்று தெரியும்.

கடல் எல்லையை வாயிலிருந்து எடுத்து வெளியே சில கி.மீ. தள்ளுங்க. வாயிலேயே மட்டத்தைக் கட்டி வைத்தால் வெள்ள நேரம் வெளியேறுகிற நீர் அங்கே உண்டாக்கும் மட்ட ஏற்றம் வராது, வடிகிற வேகம் கூடித் தெரியும். தள்ளின எல்லையில் ஃபிளாதர் நிபந்தனை போடுங்க, உள்ளிருந்து போகிற அலை திரும்பி வராமல் வெளியே போகும்.

வாயின் வடிவத்தை ஒரே ஆண்டின் படத்தில் பார்த்து நிரந்தரமாக்க வேண்டாம். வரண்ட காலத்தில் மணல் மேவும், மாரியில் வெள்ளம் ஏறினால் வெட்டிவிடுவாங்க. அகலத்தை நேரத்தோடு மாறும் உள்ளீடாக வையுங்க, குறைந்தது "அடைபட்டது", "வெட்டினது" என்று ரெண்டு ஓட்டமாவது.

#10 ஒலுவில்_அலை

நேராக் கேட்கிறன். கேள்வி வெள்ளம் என்றால் இருபரிமாணம் எதுக்கு? வாவி ஒரு பெட்டி. உள்வரவு வினாடிக்கு 1,000 கன மீற்றர் என்றால் மட்டம் மணிக்கு 2.6 செ.மீ. ஏறும், நாளைக்கு 62. வெளியேற்றத்தை வாய்ச் சூத்திரத்தால் கழித்தால் முடிந்தது. ஒரு பக்கத் தாளில் வாற விடைக்கு லப்டொப்பை ரெண்டு நாள் சூடாக்க வேணுமா?

#11 சம்மாந்துறை_எண்

மட்டக்களப்பு நகரின் சராசரி மட்டம் மட்டும் வேணுமென்றால் பெட்டி போதும், உண்மை. முதல் அத்தியாயமாப் பெட்டி மாதிரி இருக்கத்தான் வேணும். ஆனால் வாவி ஒரே பெட்டி இல்லை. வலையிறவு, மண்முனை, பட்டிருப்பு என்று குறுக்கே பாலமும் தாம்போதியும் (நீருக்குக் குறுக்கே போட்ட வீதி மேடு) நிற்குது. 2011 ஜனவரி மாதிரி ஒரு வெள்ளத்தில் உன்னிச்சைப் பக்கத்திலிருந்து வாற நீர் மேற்கில் தேங்கும்போது கிழக்கில் மட்டம் அதே இல்லை. அந்த வித்தியாசத்தைத்தான் ஆக்கள் கேட்பாங்க: எந்தத் தாம்போதி முதலில் மூடும்.

#12 ஒலுவில்_அலை

அப்ப மூன்று பெட்டி. நாலு பெட்டி. 2 வினாடியில் விடை.

#13 சம்மாந்துறை_எண்

பெட்டிகளுக்கிடையில் ஓட்டக் குணகம் ஆர் தருவார்? அதை எடுக்கத்தான் இருபரிமாணம். அங்கே கணித்து இங்கே பொருத்தினால், மறுகா ஆயிரம் மழைக் காட்சியைப் பெட்டியில் ஓட்டலாம். இதில் நீங்களும் சரி நானும் சரி.

#14 சேத்துக்குடா

தரவைப் பற்றி ஆரும் கேட்கேல்லை, அதால சொல்லுறன். ஜெப்கோவின் உலகக் கடலடித் தரவு 15 வில்வினாடி, இங்கே ஒரு கலம் சுமார் 460 மீ. வெளிக்கடலுக்குப் பரவாயில்லை, வாவிக்குள் எடுக்கவே கூடாது. 30 மீ. செய்மதி உயரத் தரவு நீரின் மேற்பரப்பைத்தான் தரும், அடித்தளத்தை இல்லை; வாவி முழுக்க ஒரே மட்டமாக் கிடந்தால் காரணம் அதுதான். தரையிலும் அதன் பிழை மீற்றர் கணக்கு, வயல் வரம்பு அரை மீற்றர் கணக்கு.

தோணியில் எதிரொலிமானி வைத்து அளந்த ஆழம் இருந்தால் நல்லம். அரை மீற்றருக்குக் குறைந்த நீரில் எதிரொலிமானி உளறும், பாசி அடர்ந்த இடத்தில் பாசியின் தலையை அடித்தளம் என்று காட்டும். கரையோரத்துக்கு அளவு போட்ட கம்புதான் வழி. அளந்த நேரத்து நீர்மட்டத்தைப் பக்கத்து மட்டக்கோலில் எழுதாமல் விட்டால் ஆழம் வெறும் எண். ஆழத் தரவு கடல்வரைபட மட்டத்தில், தரைத் தரவு சராசரிக் கடல் மட்டத்தில் என்று கலந்து கிடக்கும். ரெண்டையும் ஒன்றாக்காமல் ஒட்டினால் கரையோரம் முழுக்க ஒரு பொய்ப் படி நிற்கும். நீங்க (அ) வில் கண்ட செங்குத்து இடங்களில் சிலது இதாகவும் இருக்கலாம், ரெண்டு தரவையும் ஒட்டின எல்லையோடு வைத்துப் பாருங்க.

#15 கல்முனை_கரு

இடையில் ஒரு கேள்வி. இதே கோட்டை 2004 சுனாமிக்கு மருதமுனைக் கரையில் ஓட்டலாமா? கிராஃபிக்ஸ் கார்டில் ஒற்றைத் துல்லியத்தில் (32 பிட் எண்களில்) ஓட்டினால் வேகம் கூடுமே.

#16 சேத்துக்குடா

சமன்பாடு அதே, அளவு வேற. 4,000 மீ. ஆழத்தில் அலை வேகம் 198 மீ./வி., மணிக்கு 700 கி.மீ. க்கு மேல், 2 கி.மீ. கட்டத்துக்கே படி 10 வினாடிக்குள் வரும். கோள ஆள்கூறு, அடுக்கடுக்கான கட்டம், மூலத்தில் கடலடி உயர்வு எல்லாம் வேணும். ஜியோகிளா என்ற மென்பொருள் அதுக்கென்றே எழுதினது, அதைப் பாருங்க.

ஒற்றைத் துல்லியம் பற்றி: ஆழம் 4,000 என்ற எண்ணின் பக்கத்தில் அடுத்த எண் 0.24 மி.மீ. தள்ளித்தான் இருக்கு. ஒரு படியில் அதில் பாதியை விடக் குறைவாக் கூடினால் கூட்டலே நடக்காது, கணினி முறையிடவும் மாட்டாது. மொத்த ஆழத்தைச் சேமிக்காமல் நீர்மட்ட விலகலைத் தனியாச் சேமித்தால் தப்பலாம். வாவிக்கு 1.5 மீ. ஆழத்தில் இந்தத் தலையிடி இல்லை. மிச்சத்தைத் தனி இழையில் கேளுங்க, இங்கே வாவியோடு நிற்பம்.

#17 வாவிவலை

மாறும் நேரப்படி, 1 மி.மீ. தடையளவு, கூரன்ற் 0.25. மறை ஆழம் ஒன்றும் இல்லை. வடக்குத் தெற்காக் காற்று வைத்து ஓட்டினதில் பாலமீன்மடு சேர் சொன்ன சரிவு வந்திருக்கு. இன்னும் ஒன்று: வலையிறவுப் பக்கம் ஒரே ஒரு கலத்தில் வேகம் 6 மீ./வி. வரை போய் நேரப்படியை இழுத்துப் பிடிக்குது. உராய்வைக் கூட்டினால் குறையுது.

#18 சம்மாந்துறை_எண்

உராய்வைக் கூட்ட வேண்டாம். அந்தக் கலத்தின் அடித்தள உயரத்தை அச்சடித்துப் பாருங்க. 50 மீ. கட்டத்தில் 10 மீ. அகலமான வீதி மேடு ஒரு கலத்தில் பாதியும் மற்றதில் பாதியுமாச் சராசரியாகி, இடையில் ஒரு கலம் தவறிப் பள்ளமா நிற்கும். முழு நீரும் அந்த ஓட்டையால்தான் பாயுது.

வீதி மேட்டைக் கலத்தில் வைக்காமல் முகத்தில் வையுங்க. மேடு போகிற ஒவ்வொரு முகத்துக்கும் உச்சி உயரம் ஒன்று குடுங்க. மேல்பக்க நீர் உச்சிக்குக் கீழ் என்றால் பாயம் பூச்சியம். மேலே என்றால் அகல முடி அணைச் சூத்திரம்: மீற்றர் அகலத்துக்கு 1.7 × உச்சிக்கு மேலுள்ள உயரத்தின் 3/2 ஆம் அடுக்கு. 0.3 மீ. ஏறினால் 0.28, 100 மீ. தாம்போதிக்கு வினாடிக்கு 28 கன மீற்றர். கீழ்ப்பக்க மட்டம் அந்த உயரத்தின் மூன்றில் ரெண்டைத் தாண்டினால் அணை மூழ்கிற்று, அதுக்குப் பிறகு சாதாரண எச்.எல்.எல். பாயத்துக்கே மாறுங்க, ஆனால் முக அடித்தளம் உச்சி உயரமாகவே இருக்கட்டும். பாலத்தின் திறந்த கண்களுக்கு உச்சி வேண்டாம், முக அகலத்தைத் திறந்த பங்கால் பெருக்குங்க: 50 மீ. முகத்தில் தூண் போக 40 மீ. திறப்பு என்றால் 0.8. பாயத்தை மட்டும் பெருக்கி சேத்துக்குடா சொன்ன நாலாவது படியை அப்படியே விட்டால் ஓய்ந்த நீர் திரும்ப ஓடத் தொடங்கும், அதையும் அதே 0.8 ஆல் பெருக்கி, மூடின 0.2 பங்குக்குச் சுவர் அமுக்கத்தைச் சேருங்க.